நாயோடு வாழ்ந்த நாற்பது ஆண்டுகள்

(நமது சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாதக் கூட்டங்களில் உபன்யாசம் கேட்டிருக்கிறோம், சங்கீதம் கேட்டிருக்கிறோம். மூட்டு வலி, சர்க்கரை வியாதி, பென்ஷன் நிலுவை, உயில் எழுதும் முறை என்று விஷயம் தெரிந்தவர்கள் வந்து பேசியிருக்கிறார்கள். இந்த மாதம் காரியதரிசி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸார், தினமும் காலையில் அம்பாஜரி ஏரிப் பக்கம் நாயோடு நடக்கிறீர்களே, அதைப் பற்றியே பேசுங்களேன்" என்றார். நான் வேதியியலில் பி.எஸ்ஸி. படித்தவன். 1971 முதல் 2009 வரை மத்திய அரசின் கணக்குத் துறையில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். மிருக வைத்தியனும் இல்லை, சாஸ்திர பண்டிதனும் இல்லை. ஆனால் 1983 முதல் இன்று வரை, நடுவில் சில இடைவெளிகள் நீங்கலாக, எங்கள் அகத்தில் நாய் இல்லாமல் இருந்ததில்லை. அந்த ஒரு தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் நம்மவர்கள் எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மடி, ஆசாரம் உள்ள வீட்டில் நாய் எப்படி?

நமது இதிகாசத்தில் நாய்க்கு உள்ள இடத்தைப் பாருங்கள். மஹாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஜனமேஜயன் யாகம் செய்யும் இடத்துக்கு சரமை என்ற தேவலோகத்து நாயின் குட்டி வருகிறது. அது ஹவிஸை நக்கவில்லை, ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இருந்தும் அரசனின் தம்பிகள் அதை அடித்து விரட்டுகிறார்கள். தாய் சரமை நேரே வந்து, "என் பிள்ளை என்ன தப்பு செய்தான்?" என்று கேட்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. "எதிர்பாராத பயம் உங்களை வந்தடையட்டும்" என்று சபித்துவிட்டுப் போகிறது. இதே சரமை, ரிக் வேதத்தின் பத்தாவது மண்டலத்தில் பசுக்களைத் தேடி இந்திரனின் தூதாகப் போனவள். பாரதத்தின் முடிவிலோ, பதினேழாவதான மஹாப்ரஸ்தானிக பர்வத்தில், தம்பியரும் திரௌபதியும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்த பிறகு யுதிஷ்டிரரோடு மிஞ்சுவது ஒரு நாய்தான். இந்திரன் ரதத்தோடு வந்து, "நாயை விட்டுவிட்டு ஏறு" என்கிறான். நம்பி வந்ததைக் கைவிடுவது மஹாபாபம் என்று சொல்லி யுதிஷ்டிரர் ஸ்வர்க்கத்தையே வேண்டாம் என்கிறார். அந்த நாய் தர்மதேவதை என்று தெரிவது அதற்குப் பிறகுதான். தர்மதேவதை என்று தெரிந்து அவர் அதற்குப் பரிந்து பேசவில்லை, நாய் என்று நினைத்துத்தான் பேசினார். பைரவருக்கு வாகனம் நாய். தத்தாத்ரேயரின் காலடியில் நான்கு நாய்கள். கீதையின் ஐந்தாம் அத்தியாயத்திலும், ஞானி சமமாகப் பார்க்கும் ஜீவன்களின் வரிசையில் நாய் இருக்கிறது.

இதையெல்லாம் நான் என் தாயாரிடம் 1983-இல் எடுத்துச் சொன்னேன். அப்போது இதே நாக்பூரில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். ஜூலை மாத மழையில் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கிய தெருநாய்க் குட்டி ஒன்றை என் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அம்மா நான் சொன்ன பாரதம் முழுவதையும் கேட்டுவிட்டு, "யுதிஷ்டிரர் ஹிமயமலையில் இருந்தார்டா, சமையல்கட்டுல இல்லை. நாயைத் தொட்டா ஸ்நானம் பண்ணணும். இந்த வயசுல நாளைக்கு எத்தனை ஸ்நானம் பண்ணுவேன்?" என்று ஒரே போடாகப் போட்டார்.

ஆனால் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. "மழை விடற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். நாக்பூரில் அந்த வருஷ மழை செப்டம்பரில் விட்டது. அதற்குள் குட்டிக்கு மணி என்று பெயர் வைத்தாகிவிட்டது. அம்மா தானே ஒரு சட்டம் இயற்றினார். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் முன்னால் கோலமாவால் ஒரு கோடு. அதைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்தில் மணிக்கு அது பழகிவிட்டது. முன்னங்கால் இரண்டையும் கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டு, மூக்கை மட்டும் கொஞ்சம் உள்ளே நீட்டிப் படுத்திருப்பான். காலையில் காக்காய்க்கு சாதம் வைத்த கையோடு, தள்ளி நின்று அவன் தட்டில் தயிர் சாதம் போடுவார். முதலில் "அது சாப்பிட்டுதா?" என்று கேட்டவர், தீபாவளிக்குள் "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

1989-இல் டெல்லிக்கு மாற்றல் வந்தது. ரயிலில் நாயைக் கொண்டுபோக இரண்டு வழிகள். முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கூப்பே கிடைக்கவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் மணி நாய்ப் பெட்டியில் வந்தான். நான் இடார்ஸி, போபால், ஜான்ஸி என்று ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் இறங்கி, தண்ணீர்ச் செம்போடு வண்டியின் கடைசி வரைக்கும் ஓடினேன். ஜான்ஸியில் கார்டு என்னைப் பார்த்து, "ஸாப், உங்கள் மனைவிக்கு இப்படித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். இதை என் சகதர்மிணியிடம் சொன்னது என் சர்வீஸில் நான் காட்டிய பெரிய தைரியம்.

அம்மா 1993-இல் காலமானார். அதற்குப் பிறகு கோடு போட யாரும் இல்லை. ஆனால் 1996-இல் தன் காலம் முடியும் வரை மணி சமையலறை வாசலைத் தாண்டவே இல்லை. அதே இடத்தில் காலை வைத்துப் படுத்திருப்பான். இதற்கு நான் பெரிய அர்த்தம் எதுவும் கற்பிக்கவில்லை. பழக்கம் என்று சொல்லலாம். எங்களுக்கு மட்டும் அவன் அங்கே படுத்திருந்தவரை அம்மா சமையலறையில் இருப்பதுபோல ஓர் எண்ணம் இருந்தது.

நாய் வளர்ப்பதன் சந்தோஷங்களில் விஞ்ஞானம் கண்டு சொன்ன சிலவற்றைச் சொல்கிறேன். ஓநாயிலிருந்து பிரிந்து நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது பதினைந்தாயிரம் வருஷங்கள் ஆகின்றன என்கிறார்கள். ஜெர்மனியில் பான் நகரத்தின் ஓபர்காஸல் பகுதியில் 1914-இல் ஒரு புதைகுழி அகப்பட்டது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். அதன் வயது சுமார் பதினாலாயிரம் வருஷம். விவசாயம் தொடங்குவதற்கு முன்பே, பசுமாடு நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, நாய் வந்துவிட்டது.

2015-இல் ஜப்பானின் அஸாபு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோஸின் என்ற ஹார்மோன் கூடியிருந்தது. தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்ப்பதில் பங்கு கொள்ளும் அதே ஹார்மோன். மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களிடம் இது தெரியவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் நாய் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறதே, அது பிஸ்கட்டுக்காக மட்டும் இல்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். பிஸ்கட்டுக்காகவும்தான்.

அதன் மூக்கின் சக்தி நாம் அறிந்ததே. வாசனையை உணரும் செல்கள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். நான் செய்தித்தாள் படிப்பதுபோல அது காலையில் ஒவ்வொரு மரத்தடியையும் படிக்கிறது. அவசரப்படுத்தி இழுக்காதீர்கள், பாதிப் பக்கத்தில் பேப்பரைப் பிடுங்குகிற மாதிரி.

நம்மவர் அகங்களில் சாப்பாடு ஒரு பெரிய பிரச்சினை. "மாமிசம் போடாமல் நாய் வளருமா?" என்று கேட்பார்கள். 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஓநாயையும் நாயையும் மரபணு வழியாக ஒப்பிட்டார்கள். ஸ்டார்ச்சைச் செரிக்க உதவும் மரபணு ஒன்று ஓநாய்க்கு இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது வரை இருந்தன. அதாவது, மனிதனோடு சேர்ந்து சோறு தின்னப் பழகி நாயின் உடம்பே மாறியிருக்கிறது. மணி பதின்மூன்று வருஷம் தயிர் சாதத்தில் வாழ்ந்ததற்கு இது ஒரு விளக்கம். ஆனால் தயிர் சாதம் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். புரதம் கணிசமாக வேண்டும். பருப்பு, பனீர் இவற்றோடு மிருக வைத்தியரைக் கேட்டு, சைவமாகவே கிடைக்கும் பொட்டல உணவும் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் லாப்ரடார் வந்தபோது வைத்தியர் முட்டை கொடுக்கச் சொன்னார். வேலைக்கு வரும் அம்மாள் தன் வீட்டில் வேகவைத்துக் கொண்டுவருவார். வாசலிலேயே கொடுத்துவிடுவார். எங்கள் ஆசாரமும் போகவில்லை, நாயின் ஆரோக்கியமும் போகவில்லை.

கொடுக்கக் கூடாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் விஷம். திராட்சையும், பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்காவில் மிருக விஷ இயல் வல்லுநர்கள் எழுதினார்கள். வேதியியல் படித்த எனக்கு உடனே பொறி தட்டியது. நம் புளியிலும் அதே அமிலம்தான் நிறைய இருக்கிறது. புளியாலும் நாய்களுக்குக் கெடுதல் நேர்ந்திருப்பதை அவர்களும் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகையால் சாம்பார் சாதம், ரஸம் சாதம், புளியோதரை மூன்றும் வேண்டாம். தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலும் உப்பும் தாளிப்பும் இல்லாமல்.

இனி கஷ்டங்களுக்கு வருகிறேன்.

முதல் கஷ்டம், நாம் வீட்டோடு கட்டுப்பட்டுவிடுவது. கும்பகோணத்தில் மருமான் கல்யாணம் என்றால் நானும் என் சகதர்மிணியும் சேர்ந்து போனதில்லை. ஒருவர் போக ஒருவர் காவல். பல கல்யாண ஆல்பங்களில் நாங்கள் தனித்தனியாகத்தான் நிற்கிறோம்.

இரண்டாவது, நாக்பூர் வெயில். மே மாதம் 45 டிகிரியைத் தொடுகிற ஊர் இது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு முன், இரவு எட்டு மணிக்குப் பின் என்று நடையை வைத்துக்கொள்ள வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது.

மூன்றாவது, தீபாவளி. நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 40,000-க்கு மேலும் கேட்கும். எங்களுடைய இரண்டாவது நாய் ஜூலி, அந்த நாளில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லி வளர்த்த வெள்ளை ஸ்பிட்ஸ் ஜாதி, 1998 முதல் 2012 வரை எங்களோடு இருந்தாள். அந்தப் பதினான்கு தீபாவளி ராத்திரியும் என் சகதர்மிணி குளியலறையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டாசு விடுகிற குழந்தைகளை நான் குறை சொல்லவில்லை. தெருக்கோடியில் போய் வெடிக்கச் சொல்லலாம், கேட்பார்கள். ஜூலிக்கு ஒரு தடவை உண்ணிக் காய்ச்சல் வந்து பிளேட்லெட் அபாயகரமாக இறங்கி, மூக்கில் ரத்தம் வந்தது. பத்து நாள் வைத்தியத்தில் பிழைத்தாள். அன்றிலிருந்து தினமும் இரவில் காது மடல், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்ப்பது எங்களுக்கு சந்தியாவந்தனம் மாதிரி ஆகிவிட்டது.

நான்காவது, அக்கம்பக்கம். நாங்கள் ஒரு காலத்தில் இருந்த அடுக்கு மாடிக் குடியிருப்பில், நாயோடு லிப்ட்டில் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மூட்டு வலியோடு என் சகதர்மிணி மூன்று மாடி ஏறி இறங்கினாள். வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ லிப்ட்டில் தடுக்கவோ குடியிருப்புச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் தெளிவாக வழிகாட்டியது. அந்த வாரியம் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 1962-இல் அமைந்தது. அதன் முதல் தலைவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். சட்டத்துக்கு வித்திட்டதும், ராஜ்யசபையில் அவர் கொண்டுவந்த மசோதாதான்.

ஆனால் உரிமை பேசும்போது மறுபக்கத்தையும் பேச வேண்டும். நாயைக் கண்டால் நடுங்குகிறவர்கள் இந்த சபையிலும் இருக்கிறீர்கள். அந்த பயம் நியாயமானது. என் இளமையில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை நம் நாடு 2004-இல்தான் அறவே நிறுத்தியது. இப்போது புஜத்தில் நாலைந்து ஊசிகள்தான். ஆனால் ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது, அது இன்றும் மாறவில்லை. எந்த நாய் கடித்தாலும், பல் பட்டுக் கீறினாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. நாய் வளர்ப்பவர்கள் வருஷம் தவறாமல் தடுப்பூசி போட்டு, சங்கிலி இல்லாமல் வெளியே விடாமல், அசுத்தத்தைத் தாங்களே எடுத்துப் போட்டால் பாதி சண்டை குறையும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய கஷ்டங்கள். நான் துக்கம் என்று சொல்வது வேறு. அது நாயின் ஆயுள்.

நாயின் ஒரு வருஷம் நமக்கு ஏழு வருஷம் என்று சொல்வதுண்டு. அது சரியல்ல. 2020-இல் அமெரிக்காவின் ஸான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லாப்ரடார் நாய்களின் டி.என்.ஏ.வில் வயதோடு ஏற்படும் மாற்றங்களை மனிதரோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் தந்தார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுத்து, 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். ஒரு வயது நாய்க்கு நம் கணக்கில் 31. நாலு வயதில் 53. ஏழில் 62, அதாவது பென்ஷனர். பதினொன்றில் 69. முதல் வருஷத்தில் ஓடி, பிறகு மெல்ல நடக்கிறது அதன் காலம்.

எங்கள் மூன்றாவது நாய் புரூனோ லாப்ரடார்தான். 2012-இல் என் பிள்ளை வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டு வருஷத்தில் பிள்ளை அமெரிக்கா போனான், புரூனோ எங்களிடம் தங்கினான். வந்தபோது குழந்தை. 2023-இல் அந்தச் சூத்திரப்படி அவனுக்கு 69, எனக்கு 74. அந்த மார்ச் மாதம் முன்னங்காலை நொண்டினான். மூப்பினால் வரும் வாதம் என்று நினைக்கும்படி இருந்தது, உடனே காட்டினோம். எக்ஸ்ரேயில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. நுரையீரலுக்கும் பரவிவிட்டிருந்தது. காலை எடுத்தாலும் பயனில்லை. வலி மருந்து கொடுத்துப் பார்த்தோம். ஐந்தாவது வாரம் மருந்து கேட்கவில்லை. ராத்திரி முழுதும் எழுந்து எழுந்து இடம் மாறிப் படுத்தான். நாய் வலியை மறைத்துக்கொள்ளும் பிராணி, அது வெளியில் தெரிகிறதென்றால் உள்ளே அதைப்போலப் பல மடங்கு என்றார் வைத்தியர். பிறகு, தயங்கித் தயங்கி, தூங்கவைத்துவிடும் யோசனையைச் சொன்னார்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு தர்மசங்கடம். அஹிம்சை என்று சொல்லி வளர்ந்தவர்கள். "உசிரைக் கொடுத்தவன் பகவான். எடுக்கறதுக்கு நாம யாரு?" என்று என் சகதர்மிணி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு ராத்திரி இருவரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலை அவளே சொன்னாள். "அவனுக்குப் பேசத் தெரியாது. நம்மளை நம்பித்தான் இருக்கான். அவன் கேக்க முடியாததை நாமதான் கேக்கணும். டாக்டரை வரச் சொல்லிடுங்கோ."

வைத்தியர் வீட்டுக்கே வந்தார். "பல பேர் இந்தச் சமயத்தில் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் நாய் அவர்களைத்தான் தேடும்" என்றார். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். தலை அவள் மடியில், என் கை அவன் முதுகில். பிள்ளை போனில் பேசினான், குரலைக் கேட்டு ஒரு தடவை வால் அசைந்தது. முதலில் மயக்க மருந்து. மூச்சு சீராகி, ஐந்து வாரமாக இல்லாத நிம்மதியில் தூங்கினான். பிறகு இரண்டாவது ஊசி. சில நிமிஷங்களில் முடிந்துவிட்டது. காட்டோல் பக்கம் ஒரு நண்பரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

நாங்கள் செய்ததுதான் சரி என்று உங்களிடம் வாதாட வரவில்லை. இயற்கையாகப் போகட்டும் என்று கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவர்களையும் அறிவேன், அவர்களையும் மதிக்கிறேன். எந்த வழியானாலும் அந்த நேரத்தில் அதைத் தனியே விடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் சாஸ்திரத்திலும் விஞ்ஞானத்திலும் தேடித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

அப்புறம் வருகிற துக்கத்துக்கு நம் சமூகத்தில் இடம் கிடையாது. மனிதர் போனால் பதின்மூன்று நாள் காரியம் இருக்கிறது, வந்து விசாரிக்க ஜனங்கள் இருக்கிறார்கள். நாய் போனால் மறுநாள் பால் கணக்குப் பார்க்க வேண்டும். "ஒரு நாய்க்கா இவ்வளவு?" என்பார்கள். என் தமக்கை சென்னையிலிருந்து போன் செய்து, "தீட்டு உண்டோ?" என்று கேட்டாள். "கிடையாது" என்றேன். "சரி, ஆனா நீ அழுதியோ?" என்றாள். "அழுதேன்" என்றேன். "அது போறும்" என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே துக்க விசாரணை அதுதான், அதுவே ஆறுதலாக இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டில் நாய் செத்தால் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

இனி, இந்த சபைக்கு மிகவும் பொருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்குக் குழந்தைகள் வெளிநாட்டில். வீட்டில் இருவர், சில வீடுகளில் ஒருவர். துணைக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று தோன்றும். கூடவே, நமக்குப் பிறகு அதன் கதி என்ன என்றும் தோன்றும். புரூனோ போனபின் எங்களுக்கு இதே கேள்வி. குட்டி வாங்கினால் அது பன்னிரண்டு வருஷம் இருக்கும். 74 வயதில் நான் அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா? இத்தனை நாள் நாய் நமக்கு முன்னால் போய்விடுகிறதே என்று துக்கப்பட்டவன், இப்போது நான் முன்னால் போய்விடுவேனே என்று கவலைப்பட்டேன்.

வழி தானாக வந்தது. 2024-இல் அடுத்த தெருவில் ஒரு குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அவர்களுடைய ஏழு வயதுக் கலப்பின நாய் கோல்டியை அழைத்துப் போக முடியவில்லை. ஏழு வயது நாயை யார் எடுத்துக்கொள்வார்கள்? எல்லோருக்கும் குட்டிதான் வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடாமல் கேட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் காலையில் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சூத்திரத்தை அவளுக்கும் போட்டால், வந்தபோது அவளுக்கு 62. எனக்கு 75, என் சகதர்மிணிக்கு 71. மூன்று மூத்த குடிமக்கள் சேர்ந்து காலையில் மெதுவாக நடக்கிறோம், யாரும் யாரையும் இழுப்பதில்லை.

இதோடு இன்னொன்றும் செய்தோம். நம் சட்டத்தில் நாய் ஓர் உடைமை. அதன் பெயரில் சொத்து எழுத முடியாது. ஆகவே காலனியில் நாற்பது வயதுள்ள ஒரு தம்பதியிடம் பேசி, எங்களுக்குப் பின் கோல்டியைப் பார்த்துக்கொள்ள சம்மதம் வாங்கினோம். அதற்கென்று ஒரு தொகையை வங்கியில் போட்டு, அது அவர்களுக்குச் சேரும்படி உயிலில் எழுதினேன். மாதம் ஒரு ஞாயிறு அவள் அவர்கள் வீட்டில் இருக்கிறாள், பழக்கம் விட்டுப்போகாமல். தடுப்பூசிப் புத்தகம், என்ன சாப்பிடுவாள், எதற்கு பயப்படுவாள், வைத்தியர் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தில் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பு எழுதிப் பழகிய கை, இதற்கு உதவியது.

நாய் வளர்க்க நினைக்கும் அன்பர்களுக்குச் சொல்லிக்கொள்வது இவ்வளவே. வயதானவர்களாக இருந்தால் குட்டியைத் தேடாதீர்கள். ஊர் மாறிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் வயது வந்த நாய்கள் எவ்வளவோ இருக்கின்றன. எடுக்கும் முன்பே, நமக்குப் பின் யார் என்று முடிவு செய்யுங்கள். வெளிநாடு போகும் பிள்ளைகளிடம், வீட்டை விற்பதற்கு முன் நாய்க்கு ஒரு வீடு பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் முடியாது என்று தோன்றினால், வாசலில் மே மாதம் ஒரு மண் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். அதுவும் நாய் வளர்ப்பதுதான்.

யுதிஷ்டிரர் அந்த நாயை வளர்க்கவில்லை. ஹஸ்தினாபுரத்திலிருந்து அது தானாகக் கூட நடந்து வந்தது. கூட வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவர் அதைக் கைவிடவில்லை. நம் வீட்டு நாய்களையோ நாமே விரும்பி அழைத்து வந்தோம். நம் கடமை அவருடையதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

 கேள்விகள் இருந்தால் காபி சாப்பிட்டபடி பேசலாம். கோல்டிக்கு ஏழரை மணிக்குச் சாப்பாடு, அதற்குள் நான் வீடு திரும்ப வேண்டும்.